மெட்டு யாருடையது? சேலத்தில் ஒரு அம்புஜம் கிருஷ்ணா மாலை

போன நவராத்திரிக்கு ஒன்றரை மாதம் முன்பு, ஃபீஸ் கொடுக்க மாடியேறி வந்த ஒரு மாணவியின் அம்மா, சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஒரு சட்டத்தில், தமிழில் பாட்டுக் கட்டிய பாபநாசம் சிவன் இன்னொன்றில். "ஏங்க டீச்சர், பாட்டுக் கட்டுனதெல்லாம் ஆம்பளைங்கதானா? பாடுறதுக்கு மட்டும் எங்க புள்ளைங்களா?" என்று கேட்டார். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். கேள்வியில் குத்தல் ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் என் வகுப்பில் அப்போது 11 பேர். 11 பேரும் பெண்கள். முப்பது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், இதை எனக்கு நானே ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

அதிலிருந்து தொடங்கியதுதான் இது. ஒரே ஒரு பெண்ணின் பாடல்களை மட்டும் வைத்து ஒரு கொலு மாலை. அதில் நான் செய்த ஒரு பிழை, அதைக் கிளறிய ஒரு பெரியவர், இரண்டு மாதம் கழித்து ஏற்காட்டில் மிருதங்கம் இறங்கிப்போனதால் கிடைத்த விடை. மற்ற பாட்டு டீச்சர்களுக்குப் பயன்படும் என்று முழுதாக எழுதி வைக்கிறேன்.

யாரைத் தேர்ந்தோம்

முதலில் கல்யாணி வரதராஜன் நினைவுக்கு வந்தார். 72 மேளகர்த்தாவிலும், அதாவது தாய் ராகங்கள் அத்தனையிலும், பாட்டு அமைத்தவர், மெட்டும் அவருடையதே. ஆனால் என் பிள்ளைகளில் பாதிப் பேர் வர்ணம் என்கிற பயிற்சிப் பாட்டைத் தாண்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர்களிடம் போய் விவாதி மேளத்தை, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் கடினமான ராகத்தை, கொடுத்தால் கொலுப் பொம்மைகளே எழுந்து ஓடிவிடும். சரி, எளிமையும் வேண்டும், கனமும் வேண்டும் என்று யோசித்தபோது அம்புஜம் கிருஷ்ணாவில் வந்து நின்றேன்.

1917இல் பிறந்தவர், மதுரைக்காரர். டி.வி.எஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் குடும்பத்து மருமகள். டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் படித்தவர், கணேச பாகவதரிடம் சங்கீதம் கற்றவர். பாட்டு எழுதத் தொடங்கியது 1951இல், திருவையாற்றில் தியாகராஜ ஆராதனைக்குப் போன இடத்தில். அப்போது அவருக்கு வயது 34. இறந்தது 1989இல். இடைப்பட்ட 38 வருடத்தில் 600க்கும் மேற்பட்ட பாடல்கள். கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஒன்றுக்கும் மேல். பெரும்பாலும் தமிழ். தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம், இந்தி, மணிப்பிரவாளம் என்றும் எழுதியிருக்கிறார். 'கீதமாலா' என்ற பெயரில் தொகுதிகளாக வந்தன.

அந்த 1951ஐ நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொன்னேன். தியாகராஜருடைய சமாதியைத் தேடிப்போய்ச் சொந்தக் காசில் கட்டி எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று இருந்த இடத்தில் பெண்களைக் கூட்டிவந்து பாட வைத்தவரும் அவரே. 1952இல்தான் காலமானார். ஆக, அம்புஜம் கிருஷ்ணாவுக்குப் பாட்டு பிறந்த அந்த வருடம் நாகரத்தினம்மாள் உயிரோடு இருந்தார். ஒருவர் அந்த மண்ணில் பாடும் உரிமையை வாங்கித் தந்தார், இன்னொருவருக்கு அதே மண்ணில் எழுதத் தோன்றியது. என் வகுப்பில் 14 வயதுப் பெண் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ ரிலே ரேஸ் மாதிரி இருக்கு மிஸ்" என்றாள். இருக்கட்டும்.

ஆறு பாட்டு

எடுத்துக்கொண்டவை ஆறு. கர்ணரஞ்சனியில் 'ஓம் நமோ நாராயணா', ரீதிகௌளையில் 'குருவாயூரப்பனே', சுத்த தன்யாசியில் 'அழகா அழகா', தர்மவதியில் 'ஓடி ஓடி வந்தேன்', கானடாவில் 'என்ன சொல்லி அழைத்தால்', கடைசியில் பல ராகங்கள் கோத்த ராகமாலிகையாக 'கண்ணனிடம் எடுத்துச் சொல்லடி'.

இதில் சுத்த தன்யாசிதான் சிறு பிள்ளைகளுக்கு. ஐந்தே ஸ்வரம்: ஸ க ம ப நி. ஆர்மோனியத்தில் வாசித்தால் அரை மணியில் வந்துவிடும். அதுதான் வம்பும். காந்தாரத்தையும் (க) நிஷாதத்தையும் (நி) அசைக்காமல் கட்டை கட்டையாகப் பாடினால் ராகம் வராது, பள்ளிக்கூடப் பிரேயர்தான் வரும். இன்னொரு வேடிக்கை, 'அழகா' என்றதுமே எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கோட்டை அழகிரிநாதரைத்தான் நினைத்தார்கள். தாயார் பெயர் இங்கேயும் சுந்தரவல்லி, மதுரைப் பக்கம் அழகர்கோவிலிலும் சுந்தரவல்லி. நான் திருத்தப் போகவில்லை. பாட்டைத் தங்கள் ஊர்ப் பெருமாளுக்குப் பாடுகிறோம் என்று நினைத்தபோது குரலில் ஒரு குழைவு வந்தது, அதை ஏன் கெடுப்பானேன்?

ரீதிகௌளை எங்களைப் படுத்தியது. நேராக ஏறாத ராகம்: ஸ க ரி க ம, நி த ம நி நி ஸ் என்று திரும்பித் திரும்பித்தான் மேலே போகும். எழுபதுகளில் வந்த ஒரு சினிமாப் பாட்டு இந்த ராகத்தைத் தமிழ்நாட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் 'குருவாயூரப்பனே' என்று எடுத்துவிட்டு மூன்றாவது வினாடி அந்தச் சினிமாப் பாட்டுக்குள் விழுந்துவிடுவார்கள். தம்பூராவை மட்டும் போட்டு, ராகத்தின் பிடிகளை ஒரு வாரம் சுற்றிச் சுற்றிப் பாட வைத்த பிறகுதான் சரியானது.

அப்புறம் ஒரு சிக்கல். அந்தப் பாட்டை இரண்டு பெண்கள் வீட்டில் போனில் கேட்டுப் பழகிவந்தார்கள். ஒருத்தி பாடிய சங்கதிகள், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகைகள், இன்னொருத்தியிடம் இல்லை. பல்லவி திரும்பும் இடமும் வேறு. "எது மிஸ் ஒரிஜினல்?" என்றார்கள். பாடாந்தர பேதம், அதாவது சொல்லிக்கொடுத்த வழிக்கு வழி வரும் வித்தியாசம், என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன். மும்மூர்த்திகள் பாட்டுக்குச் சொல்கிற அதே பதில். ஆனால் இது அப்படி வாய்வழியாக 200 வருடம் உருண்டுவந்த பாட்டு இல்லையே. நம் காலத்தில் எழுதி, நம் காலத்தில் மெட்டமைத்து, அச்சிலும் வந்த பாட்டு. கேள்வியை அப்போதே பிடித்திருந்தால் பின்னால் வந்த சங்கடம் வந்திருக்காது.

பிழை

நவராத்திரி ஐந்தாம் நாள், அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டுக் கொலுவில் நிகழ்ச்சி. சுமார் 60 பேர். பட்டாணிச் சுண்டல். ஒரு தாளில் நிகழ்ச்சி நிரல் அடித்துக் கொடுத்திருந்தேன். மேலே பெரிய எழுத்தில் நானே எழுதிய வரி: 'பாடல், இசை: அம்புஜம் கிருஷ்ணா'.

பாடி முடித்தார்கள், நன்றாகவே பாடினார்கள். கலைகிற நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்றவர், சேலத்தில் கச்சேரி நடக்கும் இடமெல்லாம் பார்க்கலாம், அந்தத் தாளை என் முன் நீட்டினார்.

"ஏம்மா, இசைன்னு போட்டிருக்கியே, இதுல எந்தப் பாட்டுக்கு அந்த அம்மா மெட்டுப் போட்டாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அம்புஜம் கிருஷ்ணா எழுதுவார், மெட்டை வித்வான்கள் அமைப்பார்கள். இது ஊரறிந்த விஷயம், எனக்கும் தெரிந்த விஷயம். வி.வி. சடகோபன், மதுரை என். கிருஷ்ணன், டி.என். சேஷகோபாலன், சாருமதி ராமச்சந்திரன் என்று அவர் பாடல்களுக்கு மெட்டமைத்தவர்களின் வரிசையே பெரிது. தெரிந்தும் 'இசை' என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பெண் என்று காட்ட வேண்டும் என்கிற அவசரத்தில், முழுதும் அவருடையது என்று ஆக்கிவிட்டேன். கொலுசுப் பட்டறை அம்மாவுக்குப் பதில் சொல்கிற வேகம். விளைவு, அத்தனை வித்வான்களின் உழைப்பு ஒரு வரியில் காணாமல் போனது. அதில் சாருமதியும் ஒரு பெண், எம்.எல். வசந்தகுமாரியின் சிஷ்யை. பெண்ணைக் காட்டப் போய் இன்னொரு பெண்ணை மறைத்திருக்கிறேன்.

பெரியவர் அதோடு விடவில்லை. "இவங்க சாகித்யகர்த்தா, சொல்லை எழுதினவங்க. வாக்கேயக்காரர் இல்லை" என்றார். 13ஆம் நூற்றாண்டில் சாரங்கதேவர் எழுதிய இசை நூலான சங்கீத ரத்னாகரத்திலிருந்து எடுத்தார். வாக்கு, கேயம் இரண்டும், அதாவது சொல்லும் இசையும், ஒருவரிடமே சிறப்பாக இருந்தால்தான் உத்தம வாக்கேயக்காரர் என்பது சாரங்கதேவர் வைத்த அளவு. சொல்லில் மட்டும் தேர்ந்தவருக்கு அவர் தரும் இடம் கீழே. இது புத்தகப்படி சரிதான்.

நான் கேட்டது ஒன்று. "அப்படின்னா சார், அருணாசலக் கவிராயர்?" அவருடைய ராம நாடகக் கீர்த்தனைகளுக்கு இசை அமைத்ததில் வேங்கடராமய்யர், கோதண்டராமய்யர் என்ற அவருடைய இரண்டு சிஷ்யர்களுக்குப் பங்கு உண்டு. இன்று மேடையில் கேட்கும் மெட்டுகளில் பல அதற்கும் பிற்பட்டவை. முத்துத்தாண்டவரின் பாடல்களோ, பழைய மெட்டு போய், பின்னால் வந்தவர்கள் போட்ட மெட்டில் உயிரோடு இருக்கின்றன. இவர்களை, மாரிமுத்தாப் பிள்ளையையும் சேர்த்து, தமிழ் மூவர் என்று கும்பிடுகிறோம். இவ்வளவு ஏன், நம் கொங்கு நாட்டுக்காரர் பெரியசாமித் தூரன். கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த கையால் பாட்டும் எழுதினார். அவர் பாடல்கள் பலவற்றுக்கும் மெட்டு மற்றவர்களுடையது. பாட்டு அறிவிக்கும்போது 'பெரியசாமித் தூரன் கிருதி' என்று சொல்கிறார்களே தவிர, யாரும் எழுந்து சாரங்கதேவரைத் துணைக்குக் கூப்பிடுவதில்லை.

"அது மரியாதைக்குச் சொல்றதும்மா" என்றார் பெரியவர்.

அந்த மரியாதை அம்புஜம் கிருஷ்ணா விஷயத்தில் மட்டும் ஏன் இப்படிக் கறாராகிறது என்று கேட்க வாய் வந்தது. வயசானவர், கேட்கவில்லை. தாளில் இருந்த பிழை என்னுடையது என்பதும் உறுத்தியது. சுண்டல் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

ஏற்காட்டில் இறங்கிய மிருதங்கம்

நவம்பர் கடைசியில் அதே நிகழ்ச்சியை ஏற்காட்டில் ஒரு காபித் தோட்ட வீட்டில் செய்யக் கூப்பிட்டார்கள். ஒரு வேன் பிடித்தோம். பெரியவரையும் அழைத்தேன். வருவார் என்று நினைக்கவில்லை, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா சகிதம் காலையிலேயே வந்து நின்றார். 20 கொண்டை ஊசி வளைவு, அதில் பதினொன்றாவதில் இரண்டு பேருக்கு வாந்தி. இதை எழுதுவதற்குக் காரணம், மலைக்குப் போய்ப் பாடப் போகிறவர்கள் காலையில் பிள்ளைகளுக்கு இட்லியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மேலே கிட்டத்தட்ட 1,500 மீட்டர். பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் வந்துவிட்டது. எங்களுக்கு ஸ்ருதி ஐந்து கட்டை. கீழே சேலத்து வெயிலில் சேர்த்து எடுத்துவந்த மிருதங்கம் உறையைக் கழற்றும்போதே முனகியது. தோல் ஈரத்தை வாங்கித் தளர்ந்து, வலது பக்கமான வலந்தலை அரைக் கட்டைக்கு மேல் இறங்கிவிட்டது. வாசிக்க வந்த தம்பி கல்லை எடுத்துத் தட்டினார், தட்டினார், ஏற்றி முடித்தால் ஐந்து நிமிடத்தில் திரும்ப இறங்குகிறது. அறையில் கரியடுப்பு வைத்துச் சூடு காட்டலாம் என்று வீட்டுக்காரர் சொல்ல, தம்பி பதறிப்போனார். சூடு அதிகமானால் சாதம் வெடித்துவிடும். (மிருதங்கத்தில் கருப்பாக வட்டமாக இருப்பதைத்தான் சாதம் என்கிறோம், சாப்பாடு இல்லை.) "அக்கா, இருபது நிமிஷம் குடுங்க" என்றார்.

வந்தவர்கள் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது நிமிடம் என்ன செய்வது? பிள்ளைகளை உட்கார வைத்து, "பாட வேண்டாம், பாட்டைச் சொல்லுங்க. கையில தாளம் மட்டும்" என்றேன். வகுப்பில் மனப்பாடத்துக்காகச் செய்வதுதான். அன்றைக்கு வேறு வழி இல்லாமல் மேடையேறியது.

முதலில் சிறுமிகள். அ-ழ-கா, அ-ழ-கா. குறில், குறில், நெடில். ஒன்று, ஒன்று, இரண்டு: நான்கு மாத்திரை. அசை பிரித்தால் நிரை நேர், புளிமா. இன்னொரு தடவை சொன்னால் இன்னொரு நான்கு. கை தன்னால் நான்கு எண்ணும் சதுஸ்ரத்தில் விழுகிறது, யாரும் தட்டச் சொல்லவில்லை. எதிரில் கம்பளிக்குள் ஒரு பாட்டியின் விரல் தொடையில் அசைவதைப் பார்த்தேன்.

அடுத்து பெரிய பெண்கள். ஓ-டி, ஓ-டி. நெடில், குறில். இரண்டு, ஒன்று: மூன்று மாத்திரை. நேர் நேர், தேமா. ஓடி, ஓடி என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், மூச்சிரைக்கும். மூன்று எண்ணும் திஸ்ரத்தின் தத்தல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிறகு 'வந்தேன்' என்று வரும்போது வந் ஒன்றரை, தேன் இரண்டரை, ஆக நான்கு. ஓட்டம் நின்று கால் ஊன்றுகிறது. ஓடி வந்தவள் வந்து நின்றுவிட்டாள்.

தர்மவதியில் அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் இந்த மாத்திரைகளை இழுத்திருக்கலாம், குறுக்கியிருக்கலாம், தாளத்துக்குள் வேறு மாதிரி நிறுத்தியிருக்கலாம். அது அவர் வித்தை, ராகத்தைத் தேர்ந்து அதன் முகத்தைக் காட்டியதும் அவர் வித்தைதான். ஆனால் ஓடுவதும் நிற்பதும் அவர் கைக்கு வருவதற்கு முன்பே காகிதத்தில் இருந்தது. சங்கீதம் கற்ற ஒருவர், பாடப்போகும் வாயை மனசில் வைத்து எழுதினால்தான் இது வரும். சாரங்கதேவர் சொல்லையும் இசையையும் இரண்டு தட்டில் வைத்து நிறுத்தார். தமிழில் சொல்லுக்கே மாத்திரை இருக்கிறதே, அதை எந்தத் தட்டில் வைப்பது?

இன்னொன்றும் அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. மெட்டு இல்லாமல் சொன்னபோது, 'எடுத்துச் சொல்லடி', 'என்ன சொல்லி அழைத்தால்', 'ஓடி ஓடி வந்தேன்' எல்லாமே வீட்டுப் பேச்சு. அம்மாபேட்டைத் தறிக்காரர் தெருவில் சாயங்காலம் நின்றால் இந்த மூன்றும் பத்து நிமிடத்தில் காதில் விழும். சமையலறைக்கும் திண்ணைக்கும் நடுவில் பேசுகிற தமிழைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து, அதன் கனம் குறையாமல் பார்த்துக்கொண்டது சாதாரண வேலை இல்லை. பெரிய இடத்து மருமகள் என்பதால் பாட்டு பரவியது என்று சொல்கிறவர்கள் உண்டு. வசதி உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வசதியால் ஒரு பாட்டைப் புத்தகத்தில் ஏற்றலாம், கொலுசுக்கு மெருகு போடுகிறவர் வீட்டுப் பெண்ணின் வாயில் ஏற்ற முடியாது.

மிருதங்கம் கடைசியில் சேர்ந்தது, ஸ்ருதியைக் கால் கட்டை குறைத்துக்கொண்ட பிறகு. பாடல்கள் ஆறும் பாடினார்கள். எனக்கு அந்த இருபது நிமிடம்தான் கச்சேரி.

அதன் பிறகு

இறங்கும் வேனில் பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாக்கேயக்காரர் பேச்சை எடுக்கவே இல்லை. "நம்ம ஊர்லதான் சேலம் கோதாவரின்னு ஒருத்தங்க, கிராமஃபோன் வந்த புதுசுலயே தட்டுல பாடினவங்க" என்று ஆரம்பித்து, வளைவுக்கு வளைவு நிறுத்திப் பேசிக்கொண்டே வந்தார். தட்டோடு ஊர்ப் பெயரும் ஊர் ஊராகப் போனது என்பதில் அவருக்கு ஒரு பெருமை. பெயர் எங்கே எழுதப்படுகிறது என்பதில் இவருக்கு இருக்கும் அக்கறை எனக்கு அப்போதுதான் புரிந்தது. என் தாளில் இருந்த அந்த ஒரு வரி அவரை ஏன் அவ்வளவு தைத்தது என்பதும்.

வகுப்பில் செய்த மாற்றங்கள் இவை. புதுப் பாட்டு எதுவானாலும் முதல் நாள் மெட்டே இல்லை, சொல்லும் தாளமும் மட்டும். எழுதியவர் பெயருக்குக் கீழே மெட்டமைத்தவர் பெயர், அதற்குக் கீழே யார் பாடியதைக் கேட்டு நாம் பழகினோம் என்பது. நோட்டில் மூன்று வரி. "எது ஒரிஜினல்" என்று கேட்ட இரண்டு பெண்களும் இப்போது அந்த மூன்றாவது வரியை வைத்துத்தான் சண்டை போடுகிறார்கள்.

இந்த வருட நவராத்திரிக்கும் அம்புஜம் கிருஷ்ணாதான். கொலுசுப் பட்டறை அம்மா தன் வீட்டிலேயே கொலு வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். நிகழ்ச்சி நிரலை அச்சுக்குக் கொடுக்கும் முன் பெரியவரிடம் ஒரு பிரதி அனுப்பினேன். மேலே 'அம்புஜம் கிருஷ்ணா கிருதிகள்' என்று மட்டும் போட்டிருந்தேன், ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே மெட்டமைத்தவர் பெயர். இரண்டு நாளில் பென்சில் திருத்தத்தோடு திரும்பி வந்தது. ரீதிகௌளையில் ஒரு 'ள' விட்டுப்போயிருந்ததைச் சேர்த்திருந்தார். தலைப்பில் கை வைக்கவில்லை.